தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீரமலை தன் பெண்டாட்டியை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கி விற்கிறவனுக்கு மாட்டோடு நடக்கவே நேரம் போதாது, மனைவியோடு எங்கே நடப்பது? எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் வள்ளிக்கண்ணுவே வாய்விட்டுக் கேட்டாள்.

"திருச்சியையும் சீரங்கத்தையும் ஒருதடவ பாத்துட்டு வந்துரலாங்க. நாம ரெண்டு பேரு மட்டும்."

அவன் மறுக்கவில்லை. மறுக்க முகம் ஏது? வைகாசியில் அவனுக்கு இரண்டாம் கல்யாணம். பிள்ளை இல்லாத குறைக்கு, பச்சைமலை அடிவாரத்தில் காளியாயி என்றொரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். மாமியாரும் நாத்தனாரும் வருஷக்கணக்காக அடித்ததில் வள்ளிக்கண்ணுவும் நகர்ந்து, 'சரி' என்று சொல்லித் தொலைத்திருந்தாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இரண்டு நாளில் அவன் மனசு மாறி, 'வேண்டாம் புள்ள, நீ போதும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா? அதற்குத்தான் இந்தப் பயணம். கோயில் குளமெல்லாம் சாக்கு.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ரூம் எடுத்தான். தெப்பக்குளத்தைச் சுற்றிக் காட்டினான். ஓட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுத்து, தன் இலையில் இருந்த வடையையும் அவள் இலைக்குத் தள்ளினான். அப்படியொரு பரிவு எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. பரிவுக்கு ஏங்கிக் கிடந்தவளுக்கு யோசனை எங்கே ஓடும்?

மறுநாள் பங்குனி உத்திரம். சீரங்கத்துக்குப் போகும் டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது கீழே மணல்தான் தெரிந்தது, நடுவில் ஒல்லியாகத் தண்ணீர்.

"தீவுன்னாங்களே, தண்ணியக் காணோமே?"

"ஆடியில வந்து பாரு. அந்தப் பக்கம் கொள்ளிடம், இந்தப் பக்கம் காவேரி. முழுத் தீவுதான்."

தாயார் சன்னிதியில் நெருக்கித் தள்ளியது கூட்டம். பெருமாளின் பல்லக்கு வாசலுக்கு வந்ததுதான் தாமதம், கதவு படீரென்று சாத்திக்கொண்டது. பல்லக்கு பின்வாங்கி மறுபடி வந்தது. உள்ளேயிருந்து பூவும் வெண்ணெயும் பறந்தன, வாழை மட்டை வந்து விழுந்தது. வீரமலை எல்லோரோடும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். வள்ளிக்கண்ணு பக்கத்தில் நின்ற மடிசார் மாமியைக் கேட்டாள்.

"என்னங்கம்மா, இப்படி அடிக்கிறாங்க?"

"பெருமாள் உறையூர்ல இருக்கிற இன்னொரு நாச்சியாரைப் பார்த்துட்டு வந்துட்டார். தாயாருக்கு மகா கோபம். உள்ளே விடமாட்டேங்கறா."

வள்ளிக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் சுட்டது. லோகத்துக்கே தாயார், ஊர் பார்க்க மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறாள். நான் மட்டும் எதற்கு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்?

கூட்டத்தை விட்டு விலகிப் பிரகாரத்துக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். "எனக்குச் சம்மதம் இல்லீங்க. அன்னிக்குச் சரின்னது பொய்யி. எனக்கு மனசே இல்ல."

 வீரமலை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான், வெகுநேரம் விடவில்லை. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் அவன் விலை பேசுவான். கையை உதறினால் பேரம் படியவில்லை, உதறாமல் பிடித்திருந்தால் வியாபாரம் முடிந்தது. மாட்டு வியாபாரி பெண்டாட்டிக்கு இது தெரியாதா? அவன் உதறவில்லை. அவள் மனசு குளிர்ந்துபோயிற்று.

"மலைக்கோட்டைக்குப் போவோம், வா" என்றான்.

அடிவாரத்தில் பெரிய வாழைத்தாராகப் பார்த்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான். தாயுமானவருக்கு வாழைத்தார் எதற்கு என்று அந்தச் சீமையில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் கொண்டுவருவது. வள்ளிக்கண்ணு அவன் பின்னால் முகம் சிவக்க ஏறினாள். இன்னும் எனக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம்புகிறான், பைத்தியக்கார மனுஷன், விதைக்கும் முன்னாலேயே வேண்டுதலைச் செலுத்த வந்துவிட்டான். வழியில் கண்ட கைப்பிள்ளைக்காரிகளை எல்லாம் பார்த்துச் சிரித்தாள்.

குருக்கள் தாரை வாங்கி ஓரமாக வைத்தார்.

"யார் பேருக்கு அர்ச்சனை? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

வள்ளிக்கண்ணு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னே வந்தாள்.

"காளியாயி" என்றான் வீரமலை. "ரோகிணி."

"எத்தனை மாசம்?"

"நாலு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

குருக்கள் உள்ளே போய்விட்டார். மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயர் இரண்டு தடவை கேட்டது.  தீபாராதனைக்கு எல்லோரும் கை கூப்பியபோது வள்ளிக்கண்ணுவின் கையும் கூப்பிக்கொண்டது. வயிற்றில் இருக்கிற பிள்ளையை எதிர்த்து அவள் யாரிடம் போய் என்ன சொல்வாள்?

குருக்கள் குங்குமமும் பழமும் கொண்டுவந்தார். பெண்பிள்ளைதான் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவளிடமே நீட்டினார்.

"க்ஷேமமாப் பிரசவம் ஆகும்மா. கொண்டுபோய்க் கொடுங்கோ. உங்களுக்கு அந்தப் பொண்ணு என்ன வேணும்?"

வீரமலை அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையை விரித்துப் பழத்தை வாங்கிக்கொண்டாள்.

"தங்கச்சிங்க."

வைகாசியிலிருந்து அப்படித்தான் கூப்பிட வேண்டியிருக்கும். இன்றைக்கே ஒருதரம் சொல்லிப் பார்த்தாயிற்று.