தட்டில் செத்த கிருமி

என் வீட்டுக்காரர் தனபால் பெருமை பேசுகிற ஆள் இல்லை. மிளகு விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒரே முகம்தான். அப்படிப்பட்ட மனிதர் எங்கள் தோட்டத்து எலுமிச்சை மரத்தைப் பற்றி பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பேச ஆரம்பித்தார். காரணம், அறிவியல் வாத்தியார் சதீஷ்குமார்.

கீழ்நாட்டிலிருந்து மலைமேல் இருக்கிற எங்கள் வளப்பூருக்கு வந்தவர் அவர். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். என் மகள் ராதிகா அவரிடம் ஒன்பதாவது படித்தாள். மழை பிடித்தால் அவளுக்குத் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். சார் அவளை வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்தார். தெரிந்தவர் ஒருவரின் லேபில் கொடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்தார். எங்கள் மரத்து எலுமிச்சைச் சாற்றில் பொட்டளவு காகிதத்தை நனைத்து அதன் நடுவில் வைத்தார்கள். மறுநாள் காகிதத்தைச் சுற்றி வட்டமாக ஓரிடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே கிருமி வளரவில்லை.

அதை ராதிகா மேடையில் விளக்கிச் சொன்னாள். முதல் பரிசு. சாருக்கு மாலை, அவளுக்கு ஷீல்டு. அந்தத் தடவை வந்த தொண்டை வலி தானாகவே போய்விட்டது. அந்த நாட்களில் அவள் சாறும் குடித்திருந்தாள். போதாதா என் வீட்டுக்காரருக்கு?

"எம் பொண்ணு தொண்டைக் கிருமி, எங்க மரத்துக் காயிங்க. ரெண்டையும் நேருக்கு நேரா வச்சுப் பாத்தாச்சு" என்பார். ஊரில் யார் செருமினாலும் எங்கள் மரத்தடிக்கு வந்து நின்றார்கள். இவர் வாரி வாரிக் கொடுத்தார்.

அடுத்த மழைக்கு ராதிகாவுக்குத் தொண்டை வலி காய்ச்சலோடு வந்தது. எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெசிந்தா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கித் தந்தார். வலி நின்றாலும் பத்து நாள் விடாமல் போட வேண்டும் என்றார். இவர் சும்மா இருப்பாரா?

"ஏனுங்க சிஸ்டர், இதே கிருமியத்தான எங்க எலுமிச்ச கொன்னுச்சு? ஷீல்டே குடுத்திருக்காங்க."

"அண்ணா, தட்டுல சாறு ராத்திரி பூரா கிருமி மேலேயே இருக்கு. தொண்டைல ஊத்தினா ஒரே முழுங்குல வயித்துக்குப் போயிடும். கிருமி சதைக்குள்ள இருக்கு. மாத்திரை ரத்தத்தோட போய் அங்க அதைப் பிடிக்கும். சாறு வேணும்னா குடிக்கட்டும், மாத்திரைய நிறுத்திடாதீங்க."

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் போட்டாள். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டாள். நான் மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நின்றேன்.

"அத்தன பேரு முன்னால எலுமிச்சை கொல்லும்னு நாந்தானம்மா சொன்னேன். இப்ப நானே மாத்திரை போட்டா நான் சொன்னது பொய்யாயிரும்" என்றாள்.

"உடு பானு, சாறே போதும். புள்ளைக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?" என்றார் இவர்.

நான் கத்தினேன். என்ன பிரயோஜனம்? என்னிடம் வாய்தான் இருந்தது. அவர்களிடம் ஷீல்டு இருந்தது.

மழை ஓய்ந்தபிறகு ராதிகாவுக்கு ஒரு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் அடுத்த முழங்கால், பிறகு மணிக்கட்டு. அதற்கப்புறம் மரவள்ளிக் காட்டிலிருந்து வீட்டுக்கு ஏறி வருவதற்குள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலத்துக்குக் கொண்டுபோனோம். தொண்டைக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு இதயத்தையே தாக்கிவிட்டது, வால்வு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒருதரம் ஊசி, அதுவும் பல வருஷத்துக்கு. பின்னால் ஆபரேஷன்கூட வேண்டியிருக்கலாம்.

"எலுமிச்சை குடுத்தமுங்களே" என்றார் இவர்.

"குடுத்ததுல தப்பில்ல. மாத்திரைய நிறுத்தினதுதான் தப்பு" என்றார் டாக்டர். இவர் அங்கேயே பெஞ்சில் குலுங்கி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஒருநாள் ஊசி போட்டுத் திரும்பும்போது சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் சதீஷ்குமார் சாரைப் பார்த்தோம். பரிசு வாங்கிய கையோடு கீழேயே மாற்றல் வாங்கிப் போனவர். ராதிகாவின் ஊதிய முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? அது எக்ஸிபிஷனுக்குச் செஞ்சது. எங்க வீட்டுக் குழந்தைக்குத் தொண்டை வலின்னா நாங்க டாக்டர்கிட்டதானே போறோம். அதை நம்பி யாராவது மாத்திரைய நிறுத்துவாங்களா?"

"நீங்க சொன்னா நம்பறதுக்குத்தானுங்க புள்ளைய உங்ககிட்ட அனுப்பினோம்" என்றேன். அடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ராதிகா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க நம்பலீங்களா சார்?"

அவர் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் இன்னொரு தரம் கேட்க வாயெடுத்தாள். மூச்சு வாங்கியதால் கேட்க முடியவில்லை.