கடைசிக் காடி

என் ஓரகத்தி லேசர் இயந்திரத்தின் மூடியைச் சாத்தியபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். பச்சைப் பொத்தானில் விரலை வைத்தபோதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் தைத்து வைத்தாற்போல நின்றேன். இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

அவள் என் கொழுந்தன் மனைவி. எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை மூடி எட்டு மாதமாகிறது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் பொதுப் பட்டறை இருக்கிறது, அங்கே ஆறு வாரம் பயிற்சி என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன். "நானும் வர்றேங்க்கா, வீட்ல உக்காந்து சுவத்தையே பாக்க முடியல" என்று அவளும் ஒட்டிக்கொண்டாள். சேர்ந்த எட்டுப் பேரில் கடைசிச் சோதனைக்கு மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பட்டறையில் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் நானாக இருக்க வேண்டும். எட்டு மாதமாக வீட்டில் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொல்லிச் சொல்லி, காது புளித்துவிட்டது.

பயிற்சி கொடுத்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். "அரை மில்லிதானேன்னு விட்டா ஆளைக் கொன்னுடும்" என்று நாளுக்கு நாலு முறை சொல்வாள். அதனால் அவளுக்கு 'அரை மில்லி' என்றே நாங்கள் பெயர் வைத்துவிட்டோம். நேரில் மேடம்தான்.

சோதனை இதுதான். ஆளுக்கு ஒரு பலகை. அதை வெட்டி, ஆணியில்லாமல், பசையில்லாமல், ஒன்றில் வெட்டிய காடிப் பள்ளத்தில் இன்னொன்றை இறுக்கிச் சொருகி ஒரு முக்காலி செய்ய வேண்டும். இருக்கையில் அவரவர் பெயரை ஸ்டிக்கரில் வெட்டி ஒட்ட வேண்டும். பிறகு, செய்தவரே முதலில் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். அது அந்தப் பட்டறையின் சட்டம். தான் ஏறத் துணியாததை ஊரான் தலையில் கட்டக் கூடாது என்பாள் அரை மில்லி.

பலகையில் தடிமன் ஆறு மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கும். எந்தப் பலகையும் ஆறு இருக்காது. அளந்தால் ஐந்தரை, ஐந்தே முக்கால் என்று ஆளுக்கொரு கதை சொல்லும். போதாததற்கு லேசர் தன் பங்குக்கும் ஒரு மயிரிழை மரத்தைத் தின்றுவிடும். அதனால்தான் கணினியில் வரையும் படத்தில் காடியின் அகலத்தை எண்ணாக எழுதக் கூடாது. 'தடிமன்' என்று ஒரு பெயர் வைத்து, எல்லாக் காடிக்கும் அந்தப் பெயரையே கொடுக்க வேண்டும். பலகையை அளந்து ஒரே இடத்தில் எண்ணை மாற்றினால் மொத்தப் படமும் தானே இறுகும், தானே தளரும்.

மூன்றாவது வாரம் அவளுக்குப் படம் வரவே இல்லை. அழாத குறை. நான் பெரிய மனுஷி மாதிரி என் படத்தையே அவளுக்குக் கொடுத்தேன். "இதையே வச்சுக்கோ, அளவை மட்டும் மாத்திக்கோ" என்றேன். செவ்வாய்க்கிழமை என் படத்தைச் சரிபார்த்தபோதுதான் பகீரென்றது. கால்களைப் பூட்டும் குறுக்குக் கட்டையின் காடிக்கு மட்டும், பெயருக்குப் பதில் ஆறு என்று கையால் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாரத்து அறியாமை. பலகை ஆறைவிட மெலிசாக இருந்தால் அந்தக் கட்டை தளர்ந்து, ஏறுபவரோடு முக்காலி சரியும். என்னுடையதைத் திருத்தினேன். அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று புதன் போனது, வியாழன் போனது, வெள்ளியும் போனது. உண்மையைச் சொன்னால், சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது சனிக்கிழமை காலை. வெட்டி முடிக்கப் பதினோரு நிமிடம் என்று திரை காட்டியது. முதலில் இருக்கை, பிறகு மூன்று கால்கள், குறுக்குக் கட்டை கடைசி. இயந்திரத்தை நிறுத்தி, அந்த ஒரு எண்ணை மாற்றி, மிச்சத்தை ஓட்டலாம். நேரம் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், ஸ்டிக்கர் தாளை அதற்குரிய கத்தி இயந்திரத்தில் வைக்காமல் அவசரத்தில் லேசரில் வைத்துவிட்டேன். அது லேசரில் எரிந்தால் விஷப் புகை. என் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் இவள்தான் அறையின் அந்தக் கோடியிலிருந்து "அக்கா, கையை எடுங்க!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து வந்தாள். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் எட்டு நிமிடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, என்னைவிட உங்களுக்குத்தான் வேர்க்குது" என்று சிரித்தாள்.

"சூடு" என்றேன்.

ஒன்பது. பத்து. லேசரின் சிவப்புப் புள்ளி குறுக்குக் கட்டைக்கு வந்தது. அந்தக் காடியின் ஒரு பக்கத்தை வெட்டி, திரும்பி, மறுபக்கத்தை வெட்டியது. முடிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமலே கெட்டேன்.

அவள் பாகங்களை அள்ளி மேசையில் போட்டுப் பூட்டத் தொடங்கினாள். கால்கள் கிறீச்சென்று கத்தியபடி இறங்கின. ரப்பர் சுத்தியலால் நாலு போடு போட வேண்டியிருந்தது. கடைசியில் குறுக்குக் கட்டை. விரலால் தள்ளினாள், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"இது ஒண்ணுதாங்க்கா சமத்து, அடியே கேக்கல" என்றாள்.

அரை மில்லி கையில் தாளோடு வந்தாள். முக்காலியை நிமிர்த்தி வைத்து, இருக்கையைத் தட்டிப் பார்த்தாள். "இறுக்கமா இருக்கு. ஏறுங்க."

ஓரகத்தி செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். எதிரே மேசையின் இரும்பு விளிம்பு, அவள் இடுப்பு உயரத்தில். விழுந்தால் அதில்தான் விழுவாள்.

"ஏறாதடி!" என்று கத்தினேன். அவள் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தடுமாறினோம். முக்காலி சாய்ந்தது, கட்டை கழன்று விழுந்தது, கால்கள் மூன்று பக்கமும் விரிந்தன.

அரை மில்லி கட்டையைக் குனிந்து எடுத்தாள். காடியை அளந்தாள். "ஆறுக்கும் மேல. பலகை அஞ்சரை. இது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"அது என் படம் மேடம். தப்பு என்னோடது. என்னோடதை மட்டும் திருத்திட்டேன்."

ஓரகத்தி என்னையே பார்த்தாள்.

"எப்பக்கா தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. ஆனால் எண்ணினாள் என்பது முகத்தில் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவள் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"ஆளுக்கு ஒரு பலகைதான்" என்றாள் அரை மில்லி. "இவங்களோடது போச்சு. என்ன செய்யலாம்?"

"நான் இன்னும் வெட்டலை, என் பலகையை அவளுக்குக் குடுங்க மேடம்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை போகிறதே என்ற ஆத்திரமும் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

ஓரகத்தி என் பலகையை எடுத்து நாலு மூலையிலும் நடுவிலும் அளந்தாள். படத்தைத் திறந்து, ஒவ்வொரு காடியாகத் தொட்டுப் பார்த்தாள். ஆறை அழித்தாள். பத்தரைக்கு ஏறி நின்றாள். முக்காலி முனகக்கூட இல்லை.

வேலை அவளுக்குத்தான். தன் பலகையையே தூக்கிக் கொடுத்த பெரியவளின் பெரிய மனசு என்று வீட்டில் எல்லோரும் என்னைத்தான் புகழ்கிறார்கள். மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். ஓரகத்தி மறுத்து ஒன்றும் சொல்வதில்லை. தன் பலகை ஏன் வீணானது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், சிரிக்கிறாள், வேலை முடிந்து வந்ததும் பாதி சமையலில் வந்து கை கொடுக்கிறாள்.

"உப்புப் போட்டாச்சு" என்பேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள்.