தண்ணீர் பரிசோதிக்க வந்தவர்கள்

எதிர்வீட்டு அழைப்பு மணி அடித்தது. வழக்கம்போல் ஓடிப்போய்க் கதவின் துளையில் கண்ணை வைத்தேன். அக்கம்பக்கத்தைக் காவல் காப்பது என் பிறவிக் குணம். "அறிமுகம் இல்லாதவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள்" என்று எங்கள் குடியிருப்பின் பதினாறு கதவுகளிலும் நோட்டீஸ் ஒட்டியவள் நான்தான்.

வெளியே இரண்டு பேர், ஒரு நெட்டையன், ஒரு குட்டையன். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய பெட்டி.

"தண்ணி டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்மா. கிச்சன் குழாயத் திறந்து வச்சுட்டு நில்லுங்க. நாங்க சொல்ற வரைக்கும் மூடக் கூடாது."

அதே குரல், அதே பாட்டு.

மூன்று மாதத்துக்கு முன்பு இந்தப் பேச்சை நம்பித்தான் நான் சமையலறையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குட்டையன் புட்டியில் தண்ணீர் பிடித்து நிறம் மாறுவதைக் காட்டினான். நெட்டையன், "பாத்ரூமையும் பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போனான். அவர்கள் போன பிறகு பார்த்தால் அலமாரியில் இருந்த தங்க வளையல் இரண்டையும் காணோம்.

ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் ஏமாந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை. சாயங்காலம் வளையலைக் காணோம் என்று மட்டும் சொன்னேன். என் கணவர், "இன்னைக்கு வீட்டுக்குள்ள வந்தது அந்தக்கா மட்டும்தானே?" என்றார். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவைச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. மறுநாளே அவளை நிறுத்திவிட்டார். ஏழு வருடம் எங்கள் வீட்டுச் சாவியை வைத்திருந்தவள்.

அந்த அக்காதான் இப்போது எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். நடக்க முடியாத ஒரு பெரியவரை அங்கே பார்த்துக்கொள்கிறாள். இந்த வீட்டிலும் ஏதாவது காணாமல் போனால் அவள் கதி என்ன ஆவது? இனி ஒருத்தரும் அவளை வாசற்படி ஏற விடமாட்டார்கள்.

இன்று விடுமுறை. என் கணவர் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் என் வண்டவாளம் முழுக்க வெளியே வந்துவிடும். போலீசுக்குப் போன் செய்யலாமா, சும்மா இருமிப் பார்க்கலாமா என்று புத்தி குறுக்கு வழியாகவே ஓடியது. உள்ளே போக நெட்டையன் செருப்பைக் கழற்றினான். மரியாதை தெரிந்த திருடன்.

தாழ்ப்பாளை இழுத்தேன்.

"அக்கா, உள்ள விடாதீங்க. இவங்க திருடங்க."

நெட்டையன் திரும்பினான். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் இறங்கினான். குட்டையன் அவனுக்கும் முன்னால் ஓடினான். என் கணவர் எழுந்து வருவதற்குள் கீழே பைக் கிளம்பிவிட்டது.

அக்கா என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வீட்டுக்கும் வந்தாங்க."

"எப்ப?"

கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வளையல் காணாமப் போன அன்னைக்கு."

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

அக்கா கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது.