சுண்டுவிரல் ஓரம்

தாராவியில் அந்தச் சந்துக்கே காலை ஆப்பம் நூர் நிஷா கையால்தான். கனல் மேல் இருக்கிற சட்டியைக் கை ஓரத்தாலேயே நெட்டி நகர்த்துவாள், துணி தேடமாட்டாள். நெருப்புக்குப் பயப்படாத கை என்று சந்து முழுக்கப் பேச்சு. மகன் சலாவுதீனுக்கும் அதில் ஏகப்பெருமை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு, அது ஏன் சுடவில்லை என்று கேட்கத் தோன்றவே இல்லை. என்ன படித்தானோ.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் அவனுக்கு நரம்புப் பரீட்சை. பஞ்சாலும் ஊசியாலும் தொட்டு உணர்ச்சியைச் சோதித்துக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்க ஆள் இல்லாமல், ஞாயிறு மத்தியானம் உம்மாவை உட்கார வைத்தான்.

"கண்ணை மூடிக்கோங்க உம்மா. பஞ்சு பட்டா ஆமான்னு சொல்லணும்."

"தப்பாச் சொன்னா ஒனக்கு மார்க்கு போயிருமால?"

"போயிரும்" என்றான் விளையாட்டாக.

தோள், முழங்கை, பெருவிரல். எல்லாவற்றுக்கும் சரியாக ஆமா. சுண்டுவிரல் ஓரத்தில் புதிதாய் ஒரு கொப்புளம். அதன் பக்கத்தில் தொட்டான். ஆமா. பஞ்சை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தான். அப்போதும் ஆமா. சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். மறுபடி ஆமா.

சிரிப்பு நின்றுபோயிற்று. அதே இடத்தில் ஊசியால் குத்தினான். ரத்தம் துளிர்த்தது. உம்மா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. முழங்கைக்குப் பின்னால் தடவினால், நரம்பு கயிறாய்த் தடித்துக் கிடந்தது. போன மாதம்தான் வார்டில் ஒரு குஷ்ட நோயாளியின் கையில் இதையே தடவிப் பார்த்திருந்தான். மருந்து இருக்கிறது, தெரியும். சந்துக்குத் தெரிந்தால் ஒரு ஈ காக்காகூட ஆப்பம் வாங்க வராது, அதுவும் தெரியும்.

"எல்லாம் சரியாச் சொன்னேனால?"

"உம்மா, கடைசில நான் தொடவே இல்ல."

கண்ணைத் திறந்தவள் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் ரெண்டு வருசமா ஒண்ணும் தெரியல. ஒனக்கு மார்க்கு கொறஞ்சிரக் கூடாதேன்னு குத்துமதிப்பாச் சொன்னேன்."

"காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க உம்மா" என்று மட்டும் சொன்னான்.

"காலைல ஆப்பம்?"

அவன் பஞ்சை எடுத்து அவள் விரலில் இருந்த ரத்தத்தைத் துடைத்தான்.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. சட்டியை நகர்த்தக் கை ஓரத்தை நீட்டியவள் பாதியில் இழுத்துக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த வீட்டில் பிடிதுணி என்று ஒன்று இல்லை.