நிமிர முடியாத இடம்

பதினெட்டாயிரத்து நானூறு. வீட்டுக்காரருக்கு நான் தரவேண்டிய வாடகை பாக்கி. ஒன்றாம் தேதிக்குள் வைக்காவிட்டால் சாமான் தெருவில் என்று சொல்லியிருந்தார். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் தெருவில் கிடந்தால் நிறையத் தெரியும்.

நாங்கள் குடியிருப்பது அவருடைய மாடிப்படிக்குக் கீழே. கூரை ஒரு பக்கம் ஆள் உயரம், மறுபக்கம் முழங்கால் உயரம். "மூணு பேர் தாராளமாப் புழங்கலாம்" என்று சொல்லித்தான் தந்தார். ராத்திரியில் நான் புரண்டால் மனைவியும் மகளும் கூடவே புரண்டாக வேண்டும்.

மாநகராட்சியிலிருந்து ஏழைகளைக் கணக்கெடுக்க ஒரு அம்மாள் வந்தார். ஏழை என்று தேறினால் வாடகை பாக்கியை அரசாங்கமே கட்டிவிடுமாம். கேள்விப்பட்டதும் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

என் மனைவி அதற்குள் மேல்வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தாள்.

"நாற்காலி யாருது?" என்று கேட்டார் அம்மாள்.

"எங்களுதுதான்" என்றாள் மனைவி.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அது என்னுது மேடம்! இவங்களுக்கு ஒண்ணுமே கிடையாது."

"வந்தவங்க முன்னாடி இப்படியா மானத்தை வாங்குவீங்க?"

"மானம் இருந்தா பணம் வராதும்மா. சும்மா இரு."

மூட்டை தூக்கி வாங்கும் கூலியைச் சொன்னேன். அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "வறுமைக் கோட்டுக்கு மேலதான் இருக்கீங்க. இந்தக் கூலிக்கு வேற ஊர்ல வசதியாவே இருக்கலாம்."

"மூட்டை இந்த ஊர்லதானே மேடம் இருக்கு" என்றேன்.

சிரித்துவிட்டார். "இங்க வாடகை ஜாஸ்தி. அதனால இடத்தையும் அளக்கச் சொல்லியிருக்காங்க. தலைக்கு இவ்வளவுன்னு இல்லேன்னா ஏழைதான்."

டேப்பை நீட்டியதும் மறுமுனையை வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார். "இந்த மூலை ஓதம், கழிச்சிடுங்க. இங்க அடுப்பு, இதையும் கழிங்க. அந்தப் பக்கம் நிமிரவே முடியாது, பாருங்க!" நிமிர்ந்தும் காட்டினார். படியில் மண்டை ணங்கென்றது. தேய்த்துக்கொண்டே, "கழிச்சிடுங்க" என்றார்.

அம்மாள் கணக்குப் போட்டார். "ஏழைதான்."

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"ஆனா இது வீடு இல்ல. இவ்வளவு சின்ன இடத்துக்கு வாடகையே வாங்கக் கூடாது. இனிமே பாக்கின்னு கேட்டா அபராதம் உங்களுக்குத்தான். நாங்க வேற இடம் குடுக்கிற வரைக்கும் இவங்களை எழுப்பவும் கூடாது."

"மேடம், இன்னொரு தடவை அளப்போமா? அந்த ஓதம் காஞ்சிடும்..."

அம்மாள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு சீட்டை என் கையில் திணித்துவிட்டு, முகம் பார்க்காமல் மாடி ஏறினார். நான் ரொம்பத் தாமதமாக எழுத்துக் கற்றவன், கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். 'பாக்கி' வந்துவிட்டது. அடுத்தது, 'தள்ளு... படி...'

"அடியே, நம்மளப் படியிலேர்ந்து தள்ளப் போறாராம்!"

"நாம இருக்கிறதே படிக்குக் கீழ. இதுக்கும் கீழ எங்க தள்ளுவாரு?" மனைவி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "சேர்த்துப் படிங்க."

சேர்த்துப் படித்தேன். பதினெட்டாயிரத்து நானூறும் தீர்ந்திருந்தது.