கிண்டிப் பொட்டலம், காசிப் பொட்டலம்

மகாராஜா காலேஜில் இன்டர் பாஸ் செய்த ஆத்மநாதனுக்கு மேல்படிப்புக்கு ஒரே ஒரு இடம் கிடைத்திருந்தால் ஒரு பாயசத்தோடு முடிந்திருக்கும். பாழாய்ப்போன இடம் இரண்டு ஊரில் கிடைத்துத் தொலைத்தது. ஒன்று சென்னையில் கிண்டி. இன்னொன்று, நம்பினால் நம்புங்கள், காசி. இரண்டும் இன்ஜினீயர் படிப்புக்குப் பெரிய பேர் வாங்கிய காலேஜுகள். அன்றிலிருந்து குன்றாண்டார்கோவிலில் வாயுள்ள ஒவ்வொருவரும் அந்த வீட்டுக்கு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மோர் கரைத்தே அவனைப் பெற்ற சொர்ணவல்லிக்குக் கை ஓய்ந்துவிட்டது.

வந்தவர்களில் பாதிப் பேர் காசியில் காலேஜ் இருக்கிறது என்பதையே நம்பவில்லை. "மீசை மொளைச்ச ஒடனே காசிக்கா? கல்யாணம் காச்சி வேணாமா அவனுக்கு?" என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் மூக்கைச் சிந்தினாள். காசிக்குப் போகிறவர்கள் பிடித்தது ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா? "எதைடா விடப்போற, கத்திரிக்காயையா?" என்று கேலி வேறு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பென்றால் ஆத்மநாதன் சட்டியை வழித்துவிடுவான், ஊருக்கே தெரியும்.

அவன் அப்பா நாகராசு கிண்டிக் கட்சி. "ராத்திரி ரயில் ஏறுனா காலையில வந்துரலாம். காசியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா சேதி வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்" என்றார். சொர்ணவல்லி அவரைவிட ஒரு படி மேல். காசி என்று காதில் விழுந்தாலே எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். இருப்பது ஒற்றைப் பிள்ளை.

ஆத்மநாதன் யார் கேட்டாலும், "அப்பா சொல்றபடி" என்பான். ஒரே ஒரு தடவை, மின்சாரத்தையும் இயந்திரத்தையும் காசியில் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆரம்பித்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். ஆனால் அன்று சாயங்காலமே, "எனக்கு இனிமே கோதுமைக் கஞ்சி வையி ஆத்தா, ஒடம்புக்கு நல்லதாம்" என்றான். அந்த நாளில் சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் அதை மருந்து மாதிரிக் குடிப்பார்கள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசுக்காரனுக்கு அது எதற்கு? முகத்தைச் சுளித்துக்கொண்டே தினமும் மிச்சம் வைக்காமல் குடித்தான். ரொட்டி தின்கிற ஊருக்கு இப்போதே நாக்கைப் பழக்குகிறான், கள்ளப்பயல். நாகராசுவுக்கு அது புரியவில்லை. பெற்றவளுக்குப் புரிந்து தொலைத்தது.

பேசிப் பேசி எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. "விராலிமலைக்குப் போயிப் பூக்கட்டிப் பாத்துருவோம். முருகன் சொல்லட்டும்" என்றார் நாகராசு. வெள்ளைப் பூ வந்தால் கிண்டி, சிவப்பு வந்தால் காசி. வழியில் வாடினால் என்ன செய்வது என்று நந்தியாவட்டையில் இரண்டு, செவ்வரளியில் இரண்டு ஆத்மநாதனே பறித்துக் கொடுத்தான். பொட்டலம் கட்டுகிற வேலையை நாகராசு மனைவியிடம் விட்டார். அவள்தான் கிண்டிக் கட்சியாயிற்றே, அவருக்கென்ன கவலை.

மலைப்படி ஏறி முடிப்பதற்குள் சொர்ணவல்லிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. தூணோரம் தனியாக உட்கார்ந்து இரண்டு இலைத் துண்டுகளை விரித்தாள். இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பிள்ளை ஒரு ராத்திரி தூரத்தில் இருப்பான். வைத்தும் விட்டாள். அப்புறம் அந்தக் கோதுமைக் கஞ்சியும் அவன் சுளித்த முகமும் ஞாபகத்துக்கு வந்தன. 'முருகா, என்னை ஏன் இந்தப் பாடு படுத்துற' என்று முணுமுணுத்தபடி வெள்ளை இரண்டையும் எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்து நூலைச் சுற்றினாள்.

குருக்கள் சாமி பாதத்தில் வைத்துத் தட்டில் கொண்டுவந்த பொட்டலங்களில் ஒன்றை, கும்பிட வந்த யாரோ ஒருத்தியின் குழந்தை எடுத்துக் கொடுத்தது. குருக்கள் பிரித்தார். சிவப்பு.

நாகராசுவின் முகம் விழுந்துவிட்டது. "அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க சாமி, பாத்துருவோம்" என்றார்.

சொர்ணவல்லி சட்டென்று எட்டி அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "முருகன் மேலயே சந்தேகமா ஒங்களுக்கு? வேணாம்னு விட்ட பொட்டலத்தைப் பிரிக்கலாமா?" என்று கத்தினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாகராசு கூசிப்போனார். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் மனசும் இளகியது. "விடு சொர்ணம், நமக்குக் குடுத்துவைக்கல" என்று அவளையே தேற்றிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார்.

ஆத்மநாதன் அவள் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினான். பாதி வழியில் நின்றான்.

"ஆத்தா, நான் பறிச்சுக் குடுத்த வெள்ளைப்பூ ரெண்டும் ஒன் தலையில இருக்கு."

அவள் கொண்டையைத் தடவிப் பார்த்தாள். அட, கூறுகெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"படியைப் பாத்து நட."

"நீ கிண்டின்னுதானே ஆத்தா..." என்று இழுத்தான்.

"காசின்னா பிடிச்சது ஒண்ண விடணும்ல? அதை நான் மேலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் சொர்ணவல்லி. "நீ பாட்டுக்கு அங்கிட்டுப் போயி கத்திரிக்காயக் கித்திரிக்காய விட்டுத் தொலைச்சிராத. லீவுல வந்தா நான் ஒனக்கு என்னத்தை ஆக்கிப் போடுறது?"