இருபது வருஷத்துப் புது ராடு

பல் டாக்டர் பொய் சொல்லும் மனிதர் இல்லை. அவசரத்துக்கு வாயில் வந்துவிடும், அவ்வளவுதான். "வலிக்கவே வலிக்காது" என்று தினம் முப்பது பேரிடம் சொல்கிறவருக்கு அதெல்லாம் ஒரு குற்றமா? ஆனால் இந்தப் பொய் அந்த ரகம் இல்லை. இது காலைச் சுற்றிக்கொண்டது.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று, மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மனிதர் தங்கம். ஆனால் நாலு வார்த்தை பேசினார் என்றால் ஐந்தாவதுக்கு நாம் காத்துக் கிடக்க வேண்டும். டாக்டருக்கோ, எதிரில் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருந்தால்தான் பேச்சு வரும். பதில் சொல்ல முடிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெண்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். சுவர்க் கடிகாரம் மட்டும் டிக் டிக்கென்று மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அலமாரி மேல், கையளவு அகல வாலுள்ள ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தபடி சம்பந்தி நிற்கும் போட்டோ ஒன்று இருந்தது. டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கடல்ல பிடிச்சதா சம்பந்தி?"

"ஆமா."

"எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. மாசம் ஒரு தடவையாவது கடலுக்குப் போகலைன்னா எனக்குத் தூக்கமே வராது."

சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா," என்றார். அவர் கண்ணில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு பொய்யைத் திரும்ப வாங்க டாக்டருக்கு மனசு வரவில்லை. உண்மையில் அவர் தூண்டில் பிடித்தது ஒரே ஒரு தடவை. காலேஜ் நாளில், ஒரு குளத்தங்கரையில். மாட்டியது சிநேகிதனுடைய சட்டைக் காலர்.

கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் ஆயிற்று. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சம்பந்திகள் இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். வெயில் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். டாக்டருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் அரித்தது. ஒரே மகள். அவள் வாழ்கிற வீட்டில் தான் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுவோமோ? வாசலில் செருப்பை விடும்போதே எப்போது கிளம்புவது என்று யோசிக்கிற விருந்தாளி.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை படகு சொல்லியிருக்கேன் சம்பந்தி. வாங்க. தூண்டில் ராடு என்கிட்ட இருக்கு."

"ஐயையோ, வேண்டாம் சம்பந்தி. என்னோட பழைய ராடு இல்லாம எனக்குக் கை ஓடாது. அதையே கொண்டு வர்றேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "சரி," என்று வந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். "எந்தப் பழைய ராடு? ஜன்னல் திரை மாட்டியிருக்கே, அதுவா?"

"வாய் தவறிடுச்சு."

"வாய் உங்களுக்கு எப்பதான் தவறலை? பேசாம உண்மையைச் சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். மனிதர் நேரே மீன்பிடி சாமான் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சுவர் முழுக்க ராடுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இருப்பதிலேயே நீளமானதை டாக்டர் தூக்கினார். பன்னிரண்டு அடி. பிடித்தால் கம்பீரமாக இருந்தது.

"படகுலயா, கரையிலயா?" என்றார் அம்மாள்.

"படகுல."

"அப்ப அதை வெச்சிடுங்க. அது கரையில நின்னு தூரமா வீசறதுக்கு. படகுல அதை ஆட்டினீங்கன்னா பக்கத்துல இருக்கறவர் கண்ணு போயிடும்."

ஏழடி ராடு ஒன்றை எடுத்து, நுனியைத் தரையில் ஊன்றி வளைத்துக் காட்டினார். நுனி குழைந்தது, அடிப்பாகம் அசையவில்லை. "நுனிக்கு மீன் கடிக்கறது தெரியணும். அடி அதைத் தூக்கணும்." பிறகு தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீல். குளத்து ரீலைக் கடலுக்குக் கொண்டு போனால் நாலு தடவையில் உப்பு தின்றுவிடுமாம். கடல் ரீலின் உள்ளே தண்ணீர் புகாமல் ரப்பர் வளையம் இருக்குமாம். "எந்தக் காரணத்துக்கும் இதுல எதையும் கழட்டாதீங்க. தூசி உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்."

டாக்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ராடு பளபளவென்று மின்னிற்று. இதையா மாசாமாசம் கடலுக்குக் கொண்டுபோனேன் என்று சொல்வது?

இங்கேதான் அவருடைய தொழில் குறுக்கே வந்தது. ஒருவருக்கு ஒரு பொய்ப்பல் கட்டுகிறோம் என்றால் அது பளிச்சென்று இருக்கக் கூடாது. பக்கத்துப் பற்கள் ஐம்பது வருஷம் டீ குடித்தவை. புதுப் பல்லும் குடித்தது மாதிரி இருக்க வேண்டும். அந்த வித்தையில் நம் டாக்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சனிக்கிழமை கிளினிக்கை மதியமே மூடினார். ராடின் தக்கைப் பிடியை டீத்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தார். ரீலின் கைப்பிடியைக் கழற்றினார். ஆமாம், கழற்றினார். பல்லுக்கு மெருகேற்றுகிற பசையைப் பிரஷில் தடவி, மிஷினை ஓடவிட்டு, பெயின்ட்டை அங்கங்கே தேய்த்து எடுத்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி மனைவியிடம் காட்டியபோது அவளே அசந்துபோனாள்.

"இருபது வருஷம் ஆன மாதிரி இருக்குங்க."

"இருக்கும், இருக்கும்," என்றார் டாக்டர், சொந்தப் பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் விடிந்ததும் படகுத்துறை. சம்பந்தி ராடை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பிடியைத் தடவினார். நரம்பு ஓடுகிற வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரீலை ஒரு சுற்று சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதையும் காதால்தான் பார்க்க வரும். அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

கரை மறைந்ததும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். சம்பந்தி செய்வதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்து அப்படியே செய்து டாக்டர் நரம்பை இறக்கினார். அரை மணி நேரம் ஒப்பேற்றிவிட்டார். அப்போதுதான் நுனி வெடுக்கென்று வளைந்தது. டாக்டர் ரீலைச் சுற்றினார். மூன்று சுற்று ஓடியது. நாலாவதில் நறநறவென்று பல்லைக் கடித்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டது.

சம்பந்தி தன் ராடைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நரம்பைப் பிடித்தார். "ராடை மட்டும் தூக்கிப் பிடிங்க. நான் இழுக்கறேன்." முழம் முழமாக இரண்டு பேருமாக இழுத்தார்கள். படகுக்கு ஒரு கை தூரத்தில் மீன் வெள்ளையாகப் புரண்டது, உதறியது, போய்விட்டது.

சம்பந்தி உட்கார்ந்து ரீலைப் பிரித்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ பசை அப்பியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"புதினா வாசனை வருது சம்பந்தி."

டாக்டர் கடலைப் பார்த்தார். குதித்துவிடலாமா என்று தோன்றியது. நீச்சலும் தெரியாது.

"நான் கடலுக்கு வர்றது இதுதான் முதல் தடவை," என்றார் மெதுவாக. "அன்னிக்கு உங்க வீட்டுல என்ன பேசறதுன்னு தெரியலை. பேச ஒண்ணும் இல்லைன்னா, அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றது? எனக்கு ஒரே பொண்ணு சம்பந்தி."

சம்பந்தி சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கல்யாண போட்டோவில்கூட சிரிக்காத மனிதர்.

"பிடி தேய்ஞ்சிருக்கு, ரீல் தேய்ஞ்சிருக்கு. வளையம் ராடுல பதியற இடத்துல ஒரு பொட்டு உப்புக்கறை இல்லை. கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"அது மட்டுமா, வந்த முதல் வாரமே உங்க பொண்ணு சொல்லிடுச்சு. எங்கப்பாவுக்குத் தொட்டி மீனைக்கூடப் பிடிக்கத் தெரியாது மாமான்னு."

"தெரிஞ்சேவா கூப்பிட்டீங்க?"

சம்பந்தி சிரிப்பை நிறுத்தினார். துண்டால் விரலைத் துடைத்தபடி, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார். "எனக்கும் பேச வராது. வெயில் தீர்ந்ததும் நீங்க எழுந்து போயிடறீங்க. நீங்க போனதும் பொண்ணு முகம் வாடிப்போகுது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதான் இதுக்குக் கூப்பிட்டேன்."

எழுந்து போய் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பையை எடுத்து வந்தார். உள்ளே ஏழடி ராடு, ரீலோடு. பிடிமேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

"உங்களுக்குன்னு வாங்கி வெச்சது. பழைய ராடு இல்லாம கை ஓடாதுன்னீங்க. சரின்னு வெச்சுட்டேன்."

டாக்டர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பிளாஸ்டிக்கைப் பிரித்தார். கண் சரியாகத் தெரியவில்லை. உப்புக்காற்று என்று நாமும் வைத்துக்கொள்வோம்.

"இது நிஜமாவே பழசாக எத்தனை நாளாகும் சம்பந்தி?"

சம்பந்தி யோசித்தார். "மாசம் ஒரு தடவை வந்தா, பத்து வருஷம் ஆகும்."

"வர்றேன்," என்றார் டாக்டர். இந்தத் தடவை வாய் தவறவில்லை.